நாலு கரண்டி சர்க்கரை

அந்த பேக்கரியில் சம்பளம் வாங்காதவர்கள் கூட இருக்கலாம், அடி வாங்காதவர் கிடையாது. மாஸ்டருக்கு 'இடி' என்று பெயர் வந்தது சும்மா இல்லை. கை முந்தும், வாய் பிந்தும். ஒருமுறை, மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டுக்குச் சர்க்கரை போட மறந்த நாற்பது வயது வேலைக்காரரை மாவு உருட்டும் கட்டையால் தோளில் போட்டார். எலும்பு விரிசல் விட்டது. "அதுவும் உயிர்தான்யா! தீனி போடாம வேலை வாங்குவியா?" என்று கத்தினார். ஈஸ்டிடம் காட்டிய கரிசனத்தில் கால்வாசியை மனிதர்களிடம் காட்டியிருந்தால் சிலையே வைத்திருப்பார்கள்.

ஐம்பது வயதில் அவருடைய கால்விரல் இடுக்குகள் வெள்ளையாக ஊறிப் புண்ணாயின. மனைவிதான் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"இது ஒரு வகை ஈஸ்ட். உங்க ரொட்டி ஈஸ்டுக்குப் பங்காளின்னு வச்சுக்குங்க. உங்க ரத்தத்துல சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு, அதுக்குத் தினமும் விருந்துதான். மாத்திரை போடுங்க, களிம்பு தடவுங்க. சர்க்கரையைக் குறைக்கலைன்னா காலே போயிடும்."

ஈஸ்ட் என்றதுமே இடியின் காது அடைத்துக்கொண்டது. "முப்பது வருஷமா ஈஸ்ட்டைக் கட்டி மேய்க்கிறேன், எனக்கே பாடமா?" களிம்பு குப்பைக்குப் போனது. அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

அன்று மாலை மனைவி சர்க்கரை போடாத டீயைக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். டம்ளர் பறந்து வந்து அவள் புருவத்தைக் கிழித்தது. ரத்தமும் டீயும் சேர்ந்து கழுத்தில் வழிந்தன. "நாலு கரண்டி! எண்ணத் தெரியாதா?" மறுநாளிலிருந்து நாலு கரண்டி போட்டாள். டம்ளரை எட்ட நின்று ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

மாவில் ஈஸ்ட்டைக் கொல்வது உப்பும் கொதிநீரும். இதை எத்தனை பேரை வைது வைது சொல்லிக்கொடுத்திருப்பார்! காலில் இருப்பதும் ஈஸ்ட்தானே என்று ஒருநாள் வாளியில் கொதிநீர் ஊற்றி, இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டு, வலது காலை உள்ளே விட்டார். சுடவில்லை. நாள்பட்ட சர்க்கரை நோய் காலின் உணர்ச்சியைத் தின்று தீர்த்திருந்தது பாவிக்குத் தெரியாது. "பாத்தியா, எனக்குச் சூடே தெரியல" என்று பீற்றிக்கொண்டு நாலு கரண்டி டீயைக் குடித்து முடித்தார். காலை எடுத்தபோது தோல் சாக்ஸ் மாதிரி கழன்று வாளியிலேயே தங்கிவிட்டது. மனைவி போட்ட அலறலில் தெருவே கூடியது.

வெந்த சதையில் சீழ் பிடித்தது. பத்தே நாளில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். "உள்ள தீனி போட்டுக்கிட்டே வெளிய கொதிக்க வச்சிருக்கீங்களே" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த அன்று மனைவி சர்க்கரை போடாத டீ கொண்டுவந்தாள். பழக்கதோஷம், எட்ட நின்றே ஸ்டூலில் வைத்தாள். கட்டிலில் கிடந்தவர் கையை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை.

"கிட்ட வா." நீட்டிய கையை இறக்கினார். "இனிமே அடிக்க மாட்டேன்."

அவள் புருவத்துத் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

"மாட்டீங்களா? முடியாதா?"