சுண்டலுக்கு ஆகாத காராமணி

காமாக்ஷி மாமி வாயைத் திறந்தால் ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருநாய்கூட ஒதுங்கிப் போகும். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தே முற்றிப்போன குரல். சொந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கறிவேப்பிலை வைக்கக் கொல்லையில் கொஞ்சம் மண். கொடுத்தார்கள். இடித்த வீட்டின் செங்கலும் சுண்ணாம்பும் அதற்குள்ளேயே கிடந்தன. வைத்த கன்றெல்லாம் கருகியது. அந்தச் செத்த மண்ணைப் பார்க்கப் பார்க்க மாமிக்கு வயிறு எரிந்தது.

காராமணி விதைத்தால் மண்ணுக்குத் தழைச்சத்து சேரும், பூக்கும்போதே வெட்டி மண்ணில் புதைத்துவிட வேண்டும் என்று எங்கோ படித்தாள். கல்லைப் பொறுக்கிவிட்டு ஆடியில் விதைத்தாள். புல்கூட முளைக்காத இடத்தில் கொடி கணுக்கால் மறையப் படர்ந்தது. ஆவணிக் கடைசியில் பூத்தது.

"நவராத்திரிக்கு நம்மாத்துக் காராமணிலயே சுண்டல் பண்ணிடலாம் மாமி," என்றாள் எதிர் ஃபிளாட் ஸ்ரீலக்ஷ்மி.

"காய் பிடிச்சா சத்தெல்லாம் அதுக்குப் போயிடும்டி. காராமணி கடையில கிடைக்கும். மண் கிடைக்குமோ?"

மறுநாளே பூவும் கொடியுமாக அரிந்து, மண்ணோடு கொத்திப் புரட்டிவிட்டாள். மனசு கேட்கவில்லைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கொத்தினாள்.

அதுவே வினையாயிற்று. கொலு ஆரம்பித்த அன்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் பத்ரிநாராயணன் கொல்லையை எட்டிப் பார்த்தார்.

"காலியாத்தானே கிடக்கு மாமி? சரஸ்வதி பூஜை ஆனதும் கல் பாவி கார் நிறுத்தப்போறோம். எல்லாருமா முடிவு பண்ணிட்டோம்."

"காலியில்லை. உள்ளே மக்கிண்டிருக்கு."

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே."

மாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் எல்லாரும் அவர் பக்கம் என்று தெரியும். அவர் போனபிறகு மண்ணில் கைவிட்டுப் பார்த்தாள். முன்பு கடப்பாரையே தெறித்த இடத்தில் இப்போது கை மணிக்கட்டுவரை உள்ளே போயிற்று.

பொம்மைகள் கொலுப்படியில் இருந்ததால் மரப்பெட்டிகளெல்லாம் காலி. அவற்றைப் பால்கனியில் வரிசையாக வைத்து, தினம் வாளி வாளியாக மண்ணை ஏற்றி நிரப்பினாள்.

"இன்னாம்மா, மண்ணப் போயி மேல ஏத்திக்கினு கீற?" என்றான் வாட்ச்மேன் அசோகன்.

"பொம்மையெல்லாம் இனிமே எங்கே வைப்பேள்?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"படியிலேயே நிக்கட்டும். அதுகளுக்குக் கால் வலிக்காது."

கல் பாவ ஆள் வந்த அன்று கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். பத்ரிநாராயணன் அண்ணாந்து பார்த்தார். "மாமி, இங்கே இருந்த மண் எங்கே?"

பால்கனியில் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மாமி திரும்பவில்லை.

"காலின்னு நீங்கதானே சொன்னேள்?"