தூக்கிப் போட்ட காம்புகள்

இருபது வருடம் தேயிலை ஃபெக்டரியில் காம்பு பொறுக்கியவள் நான். காய்ந்த தூளுக்குள் ஒளிந்து கிடக்கும் காம்பையும் நாரையும் கண்டுபிடித்து எறிவதுதான் வேலை. அந்தக் கண்ணை நம்பித்தான் எங்கள் மலைநாட்டுக் கினிகத்தேனையில் பழங்காலத்து மண்ணைத் தோண்டி ஆராய வந்த மிஸ் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகள் வயது.

மலைச்சரிவில் ஒரு பாறைக்கடியில் ராஜாக்கள் காலத்துக்கும் முந்தின அடுப்பு ஒன்று அகப்பட்டிருந்தது. அந்த மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்தால் கரியாகிப்போன விதைகள் மிதந்து மேலே வரும். அவற்றைத் துணியில் வடித்துக் காயவைத்து வெள்ளைத் தட்டில் பரப்பித் தருவார்கள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நான் சாமணத்தால் பிரிப்பேன். நெல், குரக்கன், காட்டு வாழை விதை. தேயிலைக்கு முன்னால் இங்கே வெறுங்காடுதான் என்றல்லவா நினைத்திருந்தேன்! ஜன்னலுக்கு வெளியே பனி மூட்டம். பார்த்துக்கொண்டே இருந்தால் மலை மெல்லத் தேயிலையை உதறிவிட்டு வயலும் காடுமாக நிற்கும். யாரோ அடுப்பு ஊதும் புகைகூட மணக்கும். முகம் தெரியாத அந்தச் சனத்தின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மிஸ் தட்டைப் பார்த்தார்.

"அக்கா, நெல்லின்ர காம்புத் துண்டுகள் எங்க?"

"அது குப்பைதானேங்க மிஸ்? கழிவு வாளியில போட்டுட்டேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அக்கா, அதுதான் முக்கியம். தானா உதிர்ந்த காட்டு நெல்லெண்டா காம்பு வழுவழுப்பா இருக்கும். வயல்ல விளைஞ்சு, அடிச்சுப் பிரிச்சதெண்டா பிய்ஞ்ச தழும்பு இருக்கும். அந்த அடுப்பில இனி மண்ணும் மிச்சமில்லை."

ஆசைப்பட்ட சனம் பயிரிட்டதற்கான சாட்சியை நானே எறிந்திருக்கிறேன். என் கையை நானே வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. நல்லவேளை, கழிவு வாளி இன்னும் கொட்டப்படவில்லை. ஆனால் நாங்கள் குடித்த தேநீரின் சக்கையெல்லாம் அதற்குள்தான் கிடந்தது. கறுப்புக்குள் கறுப்பு. ஃபெக்டரியில் பட்ட பாடு ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. இரண்டு நாள் குனிந்த தலை நிமிரவில்லை. பத்துப் பதினைந்து துண்டுகள் தேறின. ஒன்றிரண்டு வழுவழுப்பு. மற்றதெல்லாம் பிய்ந்த தழும்பு.

"மிஸ், இது தானா உதிரலைங்க. பிச்சிருக்காங்க."

கண்ணாடியில் பார்த்தவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்தபின் தட்டில் சக்கையோடு வந்த ஒரு தேயிலைக் காம்பு மிஞ்சியது. சும்மா அதையும் கண்ணாடிக்கடியில் வைத்தேன். அதன் நுனியிலும் பிய்த்த தழும்பு.

சாகும்வரை கொழுந்து பறித்தவர் என் அம்மா. அவர் பறித்த கொழுந்தும் எங்கள் ஃபெக்டரிக்குத்தான் வந்தது. அவர் விரல் பட்ட காம்புகளைத் தேடித் தேடி எறிந்தவள் நான்தான்.