என் மகன் சொன்ன பெயர்

அன்று காலை பத்தேகாலுக்குத்தான் எல்லாம் குலைந்தது.

நாங்கள் பௌத்தம் தழுவி மூன்று வருடமாகியிருந்தது. ஜவ்வாது மலைப் பள்ளியில் வாத்தியாரான நான், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் முந்தின நாளே கீழே இறங்கி, மறுநாள் சிறைக் கைதிகளுக்குப் பஞ்சசீலம் என்ற ஐந்து உறுதிமொழிகளைச் சொல்லிக்கொடுப்பேன். புதிதாக வந்தவர்களிடம் முதலில் பெயர் கேட்பேன்.

அன்று கடைசி வரிசையில் என் மகன் உட்கார்ந்திருந்தான்.

"சந்தனக் கட்ட கேசு, சார். தொர நேத்துதான் வந்தாரு," என்று சிரித்தார் வார்டர்.

"உன் பேர் இன்னாப்பா?" அந்நியனைக் கேட்பதுபோல்தான் கேட்டேன்.

என்னையே பார்த்தான். "ஏழுமலைங்க. அப்பா, அம்மா யாரும் இல்லீங்க."

என் மானத்துக்காகச் சொன்ன பொய் அது. தலையசைத்துவிட்டுச் சீலத்தைத் தொடங்கினேன். "பொய் பேசமாட்டேன்" என்றதும் எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். அவன் மட்டும் வாயை மூடிக்கொண்டான். அழுகையோ கோபமோ எனக்கு வரவில்லை. இன்றும் அந்த வரி வரும்போது என் நாக்கு மரத்துப்போகிறது.

வெளியே வந்தேன். மலையிலிருந்து வந்து சேர்ந்த என் மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"சேகரைப் புடிச்சுட்டாங்களாம். அந்தப் பேர்ல யாருமே இல்லன்றாங்க. நீங்க உள்ள போய்ட்டுதானே வர்றீங்க? நம்ம புள்ள இருக்கானா, இல்லியா?"