வேட்டிக்கு வைத்திருந்த நீலம்

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே, ஒரு சிறிய வாட்டர் கலர் படம் மாட்டியிருக்கிறது. செஞ்சியில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பழைய சிற்றாலயத்தின் மரப்பலகைக் கூரையில், உட்புறம் தீட்டியிருந்த ஓவியத்தின் நகல். நீல வானம், மேகம், ஓரங்களில் குண்டுக் கன்னமும் சிறகுமாகச் சம்மனசுகள், தேவதூதர்கள். உலகப் போரின்போது அதை வரைந்தவர் என் மாமனார். ஜப்பான்காரன் குண்டு போட்டால் கூரை போய்விடும், படமாவது மிஞ்சட்டும் என்று அன்றைய பங்குச் சாமியார் தன் வண்ணப் பெட்டியைக் கொடுத்து வரையச் சொன்னாராம். அத்தனை பெரிய கோட்டையை விட்டுவிட்டு நம் சிற்றாலயத்தைக் குறிவைக்க ஜப்பான்காரனுக்கு என்ன பகையோ என்று நான் கேலி செய்வேன். மாமா சிரித்துக்கொள்வார்.

குண்டு வரவில்லை, கரையான் வந்தது. ஒரு மழைக்காலத்தில் உளுத்த பலகைகளைக் கழற்றிப் போட்டார்கள். பல வருடம் கழித்துப் புதுப் பலகை அடித்து, இந்தப் படத்தைப் பார்த்தே பழையபடி வரைய முடிவானபோது மாமா எண்பதைத் தாண்டியிருந்தார். அத்தை, என் மாமியார், அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவலூர்பேட்டையிலிருந்து வந்த பெயின்டர் படத்தின் நீலத்துக்குப் பொருத்தமாகக் கலர் கலந்தார். அன்று மாமா சாப்பிடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் சொன்னார்.

"படத்துல இருக்கற நீலம் கூரையில இருந்த நீலம் இல்லம்மா. பெட்டில தீந்துபோச்சு, சண்டை நேரம், கடையிலயும் இல்ல. உங்க அத்தை வேட்டிக்குப் போட வச்சிருந்த நீலத்தக் கரைச்சு அடிச்சிட்டேன்."

அப்போது அவர்களுக்குக் கல்யாணமான புதிது. அந்த ஈஸ்டர் பூசைக்கு மாமா பழுப்பேறிய வேட்டியோடுதான் போனாராம். அத்தை பல நாள் முகம்கொடுத்துப் பேசவில்லையாம்.

அசல் நீலம் எப்படி இருந்தது என்று கேட்டேன். கண்ணை மூடிப் பார்த்தார். "இன்னா கலர்னு எனக்கே தெரியலம்மா. கண்ண மூடினா இந்தப் படந்தான் வருது," என்றார். தான் செய்த ஒப்பேற்றலை ஊரே காலமெல்லாம் அண்ணாந்து பார்க்கும், சாவதற்குள் திருத்தவும் வழியில்லை என்று அவர் தவித்தது எனக்குத் தாங்கவில்லை. காரணம் சொல்லாமல் பெயின்டரிடம் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஏணி சும்மா சாய்ந்து கிடந்தது.

கடைசியில் நான்தான் கைப்பிடித்துச் சிற்றாலயத்துக்கு அழைத்துப் போனேன். இப்போதைய பங்கு ஃபாதரிடம் தானே எல்லாவற்றையும் சொன்னார். ஃபாதர் சிரித்துவிட்டு, முடிவை அவரிடமே விட்டார். ஒரு பலகையில் மட்டும் பெயின்டர் நீலம் அடித்து வைத்திருந்தார். மாமா அதை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். முகம் மெல்ல இளகியது.

"இது அவ நீலந்தான். இருக்கட்டும், அடிப்பா," என்றார்.

கூரை முடிந்த சில மாதங்களில் அவரும் போய்விட்டார். படத்தில் இப்போது நீலம் வெளிறிவிட்டது. துடைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், அந்தக் கூரைக்கடியில் அவரைக் கிடத்திய அன்று அவர் உடுத்தியிருந்த வேட்டிக்கு நான் நீலம் போட்டிருந்தேன், அத்தைக்குப் பதிலாக.