சைக்கிள் மணி துள்ளுது

என் பெரியம்மா லாண்டரி வைத்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டி சூடானால் அவள் தொண்டையும் திறந்துகொள்ளும். பாடுவதெல்லாம் ஒரே பாடகியின் பாட்டுகள். கிராப்புத் தலை, தோளைத் தொடும் காது வளையம், மினுமினுக்கும் பேண்ட் என்று ஒரு காலத்தில் ஊரையே ஆட வைத்தவர். ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் சிட்டு. சிட்டுவுக்குப் பிறகு பாட வந்தவர்கள் எல்லாம் பெரியம்மாவைப் பொறுத்தவரை ஜலதோஷம் பிடித்தவர்கள்.

அவள் வீட்டில் சிட்டுவின் இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. ‘சைக்கிள் மணி கேட்குது, சின்ன மனம் துள்ளுது’ என்பது பாட்டு. தட்டில் ஒரு கீறல். ‘மணி’ வந்ததும் முள் ஒரே தாவாகத் தாவி, ‘சைக்கிள் மணி துள்ளுது’ என்று பாடும். கேட்டுக் கேட்டுப் பெரியம்மாவும் அப்படியே பாடுவாள். அந்த இடத்தில் கையிலிருக்கும் இஸ்திரிப் பெட்டியும் ஒரு துள்ளு துள்ளும். ரேடியோவில் முழு வரி வந்தால் கோபம் வரும்.

“நடுவுல எதையோ சேத்துட்டானுங்க. ரோடு குண்டும் குழியுமா இருந்தா மணி துள்ளாதா?”

கீறியது என் அம்மாதான் என்பது பெரியம்மாவின் தீர்ப்பு. பெரியம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் அம்மா அங்கே வந்து தங்கியிருந்தாளாம், அதுதான் சாட்சி. எங்கள் குடும்பத்தில் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் அந்தத் தட்டில் வந்துதான் முடியும்.

பெரியப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். சிட்டு என்றாலே அவருக்கு ஆகாது. “டப்பாவுல மாட்டின பூனை” என்று சொல்லிவிட்டு, பேப்பரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

சிட்டு இறந்து ஒரு வருடமானதும் ரசிகர்கள் மண்டபம் பிடித்து விழா எடுத்தார்கள். விரும்பியவர்கள் மேடையேறிப் பாடலாம் என்றதும் பெரியம்மா பெயர் கொடுத்துவிட்டாள். ஒரு வாரம் முழு வரியையும் நெட்டுருப் போட்டாள்.

“அவளுக்காக நான் செய்யறது இது ஒண்ணுதான்டி. மானம் போகாம பாடிட்டு வந்துட்டாப் போதும்” என்றாள் என்னிடம்.

“பூனைக்கு விழாவா? வேன் ஓட்ட ஆள் வேணுமேன்னு வரேன்” என்று வந்த பெரியப்பா, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

பெரியம்மா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். ‘மணி’ வந்ததும் வலது கை தானாக மேலே எழும்பியது. வாய் ‘துள்ளுது’க்குப் போய்விட்டது, வாத்தியங்கள் ‘கேட்குது’விலேயே நின்றன. டிரம்ஸ்காரர் கிடார்காரரைப் பார்த்தார், கிடார்காரர் கூரையைப் பார்த்தார். மண்டபம் சிரித்தது. பெரியம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாத்தியக்காரர்கள் நல்ல மனிதர்கள், மறுபடி பல்லவியை எடுத்துக் கொடுத்தார்கள். அவளோ மைக்கைக் கீழே வைக்கப் போனாள்.

“சைக்கிள் மணி துள்ளுது!”

கடைசி வரிசையிலிருந்து ஒரு கட்டைக் குரல். இம்மி பிசகாமல் அதே தாவல். திரும்பிப் பார்த்தால் பெரியப்பா எழுந்து நிற்கிறார்!

பெரியம்மா மைக்கை இறுக்கிப் பிடித்தாள். அடுத்த பல்லவியில் இருவரும் சேர்ந்து தாவினார்கள். அதற்கடுத்ததில் டிரம்ஸ்காரரும் தாவினார். பிறகு மண்டபமே தாவியது.

திரும்பும்போது வேனில் பெரியம்மா கேட்டாள்: “பூனைன்னீங்களே. எங்க தாவும்னு எப்படித் தெரியும்?”

பெரியப்பா சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். சிக்னலில் வேனை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“நீ கடைக்குப் போனதும் தினம் அந்தத் தட்டப் போட்டுக் கேப்பேன்.”

“எப்பலேர்ந்து?”

“கல்யாணமான புதுசுலேர்ந்து. ஒரு நாள் நீ சீக்கிரம் வந்துட்ட. வெக்கமா இருந்துச்சு. அவசரமா முள்ளத் தூக்கினேன், கை வழுக்கிடுச்சு. அப்புறம் பூனை கீனைன்னு சொல்லித்தானே சமாளிக்கணும்?”

பெரியம்மா அவரையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ பின்சீட்டில் இருந்த என் பக்கம் கையை நீட்டினாள்.

“உங்கம்மாவுக்குப் போன் போடு.”

“மன்னிப்புக் கேக்கவா, பெரியம்மா?”

“அது கெடக்கு, அப்புறம் கேட்டுக்கலாம். மொதல்ல இந்த மனுஷன் எனக்காக எந்திரிச்சுப் பாடினத சொல்லணும்.”