ஏழு தலைமுறைக்காரர்

"இடது பக்கம் நல்லா பாத்துக்குங்க. வலது பக்கம் பாக்க வேணாம், அங்க ஒண்ணும் இல்ல."

இதைச் சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கட்டும் என்று ஒரு வளைவு தூரம் பொறுத்திருப்பார். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் மைக். கியர் மாற்ற வேண்டி வந்தால் மைக்கைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார். பேச்சு மட்டும் நிற்காது. பதிமூன்று பேர் உட்காரும் வேன். காலையில் கிளம்பினால் பழைய பாலம், உப்புக் கிடங்கு, கோட்டை, மதியச் சாப்பாடு, ஏரிக்கரை மண்டபம் என்று சுற்றிக்காட்டிவிட்டுச் சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதே சாலை, இதே சட்டை நிறம், இதே நகைச்சுவை.

சக டிரைவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஏழு தலைமுறை'. காரணம் கோட்டைத் திருப்பத்தில் தெரியும். மதில் கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைத்து, குரலையும் குறைத்து, "எங்க பாட்டன் பூட்டன் ஏழு தலைமுறையா இந்தக் கோட்டை வாசல்லதான் காவல். சாவி எங்க வீட்டு ஆணியிலதான் தொங்குமாம்" என்பார். உண்மையில் அவருடைய அப்பா மூட்டை தூக்கினார். அதற்கு முந்தியவர்கள் என்ன செய்தார்கள் என்பது அந்தக் கோட்டைக்கே தெரியாது. ஆரம்ப காலத்தில் ஒருநாள், தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்தை எழுப்புவதற்காக வாயில் வந்ததைச் சொன்னார். எழுந்தது மட்டுமல்ல, அவரோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு வேலைக்குச் சேர்ந்த பொய், இன்னும் ஒருநாள்கூட லீவு போடவில்லை.

அதற்கு ஒரு துணைப் பொய்யும் உண்டு. கோட்டையிலிருந்து பத்து நிமிஷத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஓட்டுக்கூரை, நாலு மேஜை, அன்றன்றைக்கு ஏரியில் பிடித்த மீன். "இது ஹோட்டல் இல்லீங்க, என் கூடப்பொறந்த அக்கா வீடு. அக்கா கைப்பக்குவம் எப்படின்னு நீங்களே சொல்லுங்க" என்று மைக்கில் அறிவித்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்துவார். கடைக்காரம்மாவுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் வியாபாரம் தெரிந்த அம்மா. அக்கா வீடு என்றால் உப்புக் குறைந்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், இரண்டாம் தரம் கேட்டு வாங்கியும் சாப்பிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

கூடப்பிறந்த அக்கா வேறு ஒருத்தி இருக்கிறாள். பாட்டில் கம்பெனியில் வேலை பார்த்தாள். அதை மூடிவிட்டார்கள். பத்து மாதத்துக்கு முன்னால் போன் செய்தாள்.

"டேய், உன் வாக்கு பலிச்சிருச்சு. கோட்டை வாசல்லயே எனக்கு வேலை போட்டுட்டாங்க."

"என்ன வேலைக்கா?"

"கக்கூஸ் கழுவுற வேலை." சிரித்தாள். பிறகு, "நீ ஆளுங்களோட வரும்போது என்னைக் கண்டுக்காத. ஏழு தலைமுறைன்னு சொல்லிட்டு இதைக் காட்டினா உன் பொழப்பு கெட்டுரும்" என்றாள்.

'என்னக்கா பேச்சு இது' என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாய்க்குட்டிகூடச் சொல்லியிருக்கும். அவர் சொன்னது, "சரிக்கா."

அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக்குப் போகிறார். மின்விசிறிக்கு எண்ணெய் போடுகிறார், பழம் வாங்கிப் போகிறார். இதைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. மற்ற ஆறு நாளும் வேன் கோட்டை வாசலில் திரும்பினால், அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடுகிறாள். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் மதிலின் உயரத்தைப் பற்றிப் பேசுகிறார். வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கத்தோடேயே அத்தனை அடி, இத்தனை அடி என்று கணக்குச் சொல்கிறார்.

போன வாரம் வந்த கூட்டத்தில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் இருந்தார். வெயிலில் தலைசுற்றி, கழிவறையில் வாந்தியெடுத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து, முகம் கழுவி, உடை துடைத்து, அவரைத் தோளில் தாங்கி வேன் வரைக்கும் கூட்டிவந்தது அக்காதான். தொட்டிக்குப் பின்னால் ஒளிய நேரம் கிடைக்கவில்லை.

"பெத்த பொண்ணு இப்படிப் பாத்துக்க மாட்டா" என்றார் டீச்சரம்மா, பிடித்த கையை விடாமல். "நீயும் எங்களோட சாப்பிட வாம்மா. திரும்ப இந்த வழியாத்தான் போறோம், இறக்கி விட்டுரலாம். சரிதானே டிரைவர் தம்பி?"

அக்கா மறுத்துப் பார்த்தாள். வேன் முழுக்கச் சேர்ந்து வற்புறுத்தியது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். பத்து நிமிஷம் மைக் இல்லாமல் ஓடியது வண்டி. வெயில் அவரையும் தாக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு அந்த அறிவிப்பு வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினால், கடைக்காரம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க வாங்க! என் தம்பி கூட்டிட்டு வந்தவங்கன்னா எனக்கும் சொந்தம்தான்."

"ஓ, டிரைவரோட அக்காவா?" என்றார் டீச்சரம்மா.

"கூடப்பொறந்தவன். நான் தூக்கி வளத்த புள்ள" என்றார் கடைக்காரம்மா, தன் பங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு.

அக்கா கடைக்காரம்மாவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மூலை மேஜையில் டீச்சரம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது அவருக்கு. கையும் காலும் சும்மா இருக்க மாட்டாமல் குழம்பு வாளியை வாங்கிப் பரிமாற ஆரம்பித்தார்.

"உனக்குக் கூடப்பொறந்தவங்க யாராவது இருக்காங்களாம்மா?" டீச்சரம்மா கேட்பது அடுத்த மேஜை வரை கேட்டது.

அக்கா மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "ஒரு தம்பி இருக்காம்மா. வெளியூர்ல வேலை."

"வந்து பாப்பானா?"

"ஞாயித்துக்கிழமை ஆனா வந்துருவான். ரொம்பப் பாசம்."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார். நிஜமாகவே பெருமையாகச் சொன்னாள். அவர் வாளியோடு அந்த மேஜைக்குப் போனார். 'அந்தத் தம்பி நான்தாங்க' என்று மூன்றே வார்த்தை. ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை பேசுகிற வாய். திறந்தார். கரண்டியில் குழம்பு வழிந்தது. அக்கா தட்டுக்கு மேல் கையை விரித்து மறைத்தாள்.

"போதும் சார்."

திரும்பும் வழியில் கோட்டை வாசலில் நிறுத்தினார். அக்கா இறங்கினாள். எல்லோரும் ஜன்னல் வழியே நன்றி சொன்னார்கள். டீச்சரம்மா முன்பக்கம் எட்டிப் பார்த்து, "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. அக்கா தங்கச்சியோட பொறந்தவர்தானே" என்றார்.

அவர் இருக்கையில் பாதி திரும்பினார். கீழே நின்றவள் அவரை முந்திக்கொண்டாள். "இருக்கட்டும்மா. அவருக்கு நேரமாகுது, வண்டியை எடுக்கட்டும்."

வண்டி நகர்ந்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில், பின்பக்கச் சாலையில் அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே இருந்தவர்கள் ஏரிப் பக்கம் திரும்பிவிட்டார்கள். இனி யாரும் பார்க்கவில்லை என்று ஆனதும், ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று வழியனுப்புவதைப் போல, அவள் இடுப்பு உயரத்துக்குக் கையைத் தூக்கி அசைத்தாள்.

அவர் கையை உயர்த்தினார். கண்ணாடியைக் கூரை பார்க்கத் திருப்பிவிட்டு, கியரை மாற்றினார்.