அண்ணை கலக்காத வாளி

அண்ணை பிறந்த நாளும் மறைந்த நாளும் திதியும் முன்பக்கத்தில் படத்துக்குக் கீழே அச்சாகியிருக்கின்றன. நாள் குறித்து வைப்பது என் பழக்கம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவற்றை இங்கே திருப்பி எழுதப் போவதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியது ஒரு செவ்வாய்க்கிழமையில் நடந்ததை. அதைச் சொல்லப் பயமாக இருக்கிறது. அன்றிலிருந்து அண்ணையின் பெயரில் ஒரு பழி கிடக்கிறது. அது அவருடையதல்ல என்பது அவருக்குப் பிறகு எனக்கு மட்டுமே தெரியும். நானும் சொல்லாமல் போனால் அது அவருடையதாகவே நின்றுவிடும்.

அண்ணை பண்டத்தரிப்பில் பிறந்தார். ஐயாவுக்குப் புகையிலைத் தோட்டம். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். எனக்கும் அண்ணைக்கும் ஒன்பது வயது இடைவெளி. ஐயாவின் முதுகு இயலாமல் போன வருடம் அண்ணை எட்டாம் வகுப்போடு நின்றார். நான் நிற்கவில்லை. என் பாடசாலைச் சட்டைகள் எல்லாம் அவருடைய தோட்டக் கூலியில் தைத்தவை. பத்தொன்பது வயதில் வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் அவருக்கு வேலை கிடைத்தது. எங்கள் ஆட்களுக்கு அந்த வேலை குறைவாகப் பட்டது; குறை எங்கள் ஆட்களிடம் இருந்தது. ஐயா "ஆஸ்பத்திரியிலை வேலை" என்று மட்டும் சொல்வார். என்ன வேலை என்று யாரும் மேலே கேட்டால் வெற்றிலைத் தட்டத்தைத் தேடத் தொடங்குவார். அண்ணையின் கலியாணம் இரண்டு இடத்தில் பேசிக் குழம்பியது. மூன்றாவது இடம் அச்சுவேலி. அங்கே எங்கள் அண்ணி, "அப்ப வீட்டிலை உடுப்புத் தோய்க்கிற வேலை எனக்கில்லைத்தானே" என்று கேட்டாராம். அப்படியே இருபத்தாறு வருடம் தோய்க்காமல் இருந்தார்.

அண்ணை தன் வேலையைப் பற்றி வெட்கப்பட்டதை நான் பார்த்ததில்லை. போரில் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் இருந்த காலத்தில் வைத்தியசாலை ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இயங்கியது. இயந்திரமும் இல்லை, மின்சாரமும் இல்லை. மூன்று கிடாரங்களை அடுப்பில் ஏற்றி, தென்னம் மட்டை எரித்து, காயக்காரரின் துணிகளை நாள் முழுக்க அவித்தார். அந்த மாதங்களில் அவருடைய கைகளில் தோல் இருக்கவில்லை. அங்கே சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் ஒருவர், தன் மேசைக்கு வரும் துணியை முகர்ந்து பார்க்கும் தேவை தனக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று சொன்னாராம். அண்ணை தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே பெருமை அதுதான்.

சலவைப் பகுதியில் இரண்டு அலுமாரிகள் இருந்தன. வெளுக்கும் தூள் ஒன்றில். துருக்கறை எடுக்கும் அமிலம் மற்றதில். இரண்டின் திறப்பும் ஒரே ஆளின் கையில் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். இந்தக் கதையை அண்ணை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஏன் அப்படி என்று நான் ஒருமுறையும் கேட்கவில்லை. முப்பது வருடம் பாடசாலை நூலகத்தில் இருந்தவள் நான். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை வாசித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அண்ணி காலமான பிறகு, நானும் ஓய்வு பெற்று அண்ணையின் அச்சுவேலி வீட்டுக்கே வந்துவிட்டேன். சென்ற கார்த்திகையில் இலண்டனில் இருந்து மருமகள், அதாவது அண்ணையின் ஒரே மகள், கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் மார்கழியில் வருவதாக அறிவித்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு வருகிறாள். நான் அறைகளைத் துப்புரவாக்கினேன். பிறகு அலுமாரியில் இருந்த துவாய்களை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு துவாய்கள். வெள்ளையாக வாங்கியவை எல்லாம் சாம்பல் நிறமாக, கருவாடு போல விறைத்துக் கிடந்தன. ஈரம் பட்டால் ஒரு பழைய வாடை எழுந்தது. இதையா அந்தப் பிள்ளைகளுக்குத் துடைக்கக் கொடுப்பது என்று அண்ணையிடம் காட்டினேன்.

அண்ணை ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "உது ஊத்தையில்லை, பிள்ளை. சவுக்காரம். எங்கடை கிணத்துத் தண்ணி சவுக்காரத்தைப் போக விடாது, துணிக்குள்ளையே இருத்திப்போடும். நல்லா மழை பெய்யட்டும், மழைத் தண்ணி பிடிச்சு நான் செய்து தாறன்" என்றார்.

எனக்குப் பொறுமை இல்லை. மருமகள் முன்பு ஒருமுறை கைப்பேசியில் அனுப்பியிருந்த காணொளி ஒன்று இருந்தது. பழைய துவாய்களைச் சுடுநீரில் ஊறவைத்துப் புதிதாக்குவது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் செய்து காட்டுவாள். அதில் சொன்ன பொருட்களில் பாதி இங்கே கிடையாது. கிடைப்பதை வைத்துச் செய்யலாம் என்று நினைத்தேன். எதை எதோடு சேர்க்கக்கூடாது என்று அந்தப் பெண் முடிவில் சொல்கிறாள். பிறகுதான் கேட்டேன். அன்று நான் பாதியில் நிறுத்தியிருந்தேன். ஆகவே மருமகள் அனுப்பியதில் ஒரு பிழையும் இல்லை. இதை அவள் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணை சந்தைக்குப் போனார். மழை தூறிக்கொண்டிருந்ததால் கிணற்றடியில் செய்ய முடியவில்லை. குளியலறைக்குள் பெரிய வாளியை வைத்து, எங்கள் கிணற்றுச் சுண்ணாம்புத் தண்ணீரின் படிவு கழலட்டும் என்று இரண்டு போத்தல் வினாகிரியும் பத்துத் தேசிக்காயின் புளியும் விட்டுத் துவாய்களை ஊறவைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருந்தது, அவ்வளவுதான். முந்திய வருட வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடச் சொல்லிச் சுகாதாரப் பரிசோதகர் தந்த குளோரின் தூள் ஒரு டப்பாவில் மிச்சம் இருந்தது. குடிக்கிற தண்ணீருக்கே போடுகிற தூள், துணியை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். சூடு போகாமல் இருக்கச் சன்னலையும் கதவையும் சாத்தினேன். கொதிநீரை ஊற்றி, அந்தத் தூளில் தேநீர்க் கோப்பையால் ஒன்றரைக் கோப்பை போட்டேன். அப்போது ஒன்பது இருபது.

வாளி பொரிந்தது. பிறகு ஒரு மணம். மணம் என்று எழுதுகிறேன். அது மூக்கில் நிற்கவில்லை, நேரே தொண்டையைப் பிடித்தது. கண் திறக்க முடியவில்லை. ஒரு மூச்சு எடுத்தேன், அடுத்தது வரவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு போனேன். எனக்கு நாற்பது வருடமாகத் தெரிந்த அந்தக் கதவின் கொண்டி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. முழங்காலில் விழுந்தேன். இங்கேதான் முடியப்போகிறது என்று தெளிவாக நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

சந்தையால் திரும்பிய அண்ணை குசினி வாசலிலேயே அந்த மணத்தை அறிந்துவிட்டார். கதவை உதைத்துத் திறந்து, என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து முற்றத்து மழையில் இருத்தினார். அதோடு நின்றிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிராது. ஆனால் எங்கள் குளியலறையின் காற்றோட்டத் துளைகள் அடுத்த வீட்டு விறாந்தைப் பக்கம் இருக்கின்றன. அந்த விறாந்தையில் இரண்டு மாதக் குழந்தை ஏணையில் கிடந்தது. அண்ணை அந்த வீட்டைப் பார்த்துக் "குழந்தையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்குப் போங்கோ" என்று சத்தம் வைத்தார். பதில் வரவில்லை. அவர் இரண்டாம் முறை உள்ளே போனார். வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றம் முழுவதும் நடந்து, வளவின் பின்மூலைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வாளி அவருடைய முகத்துக்கு நேரே இருந்தது.

வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். மூச்சு வாங்கியபடி, "ரெண்டு அலுமாரி புத்தகம் வாசிச்சனி. ஒண்டிலையும் உது எழுதேல்லையோ?" என்றார். நானும் சிரித்தேன். முடிந்துவிட்டது என்று இருவரும் நினைத்தோம்.

முடியவில்லை. அந்தக் காற்று உடனே காட்டாது, சில மணி நேரம் கழித்துத்தான் நெஞ்சுக்குள் தண்ணீர் வைக்கும் என்று பிறகு சொன்னார்கள். பதினொரு மணி வரை அண்ணை வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேப்பர் பார்த்தார். எனக்குத் தொண்டை எரிவோடு போயிற்று; அவருக்குப் பன்னிரண்டு மணிக்கு இருமல் தொடங்கியது. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொப்பியை எடுத்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதினேன். ஒரு மணிக்கு இருபத்திரண்டு. இரண்டு மணிக்கு இருபத்தெட்டு. வைத்தியசாலைக்குப் போவோம் என்று கெஞ்சினேன். கொஞ்சம் பொறு, குறையும் என்றார். மூன்று மணிக்கு முப்பத்தாறு. அப்போது அவரால் "பொறு" என்று சொல்லவும் முடியவில்லை. உதடு கத்தரிப்பூ நிறமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தை இப்போது என்னாலேயே வாசிக்க முடியவில்லை. கொப்பியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

வைத்தியசாலையில் ஒரு இளம் பெண் வைத்தியர். ஒட்சிசன் முகமூடியை அண்ணையின் முகத்தில் வைத்துக்கொண்டே என்ன நடந்தது, எதை எதோடு கலந்தீர்கள், யார் கலந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அண்ணை முகமூடியை ஒரு கையால் விலக்கி, "நான்தான் கலந்தனான்" என்றார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பயத்தில் மூடினேன் என்று சொல்லலாம். அது உண்மைதான், ஆனால் முழுதும் அல்ல. ஒரு சிறு ஆறுதலும் இருந்தது. அதை எழுதத்தான் இத்தனை நாள் எடுத்தது.

மூன்றாம் நாள் அவர் கதைக்கக்கூடிய நிலைக்கு வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உன்னைக் கேட்டால் நீ அழுவாய். சனம் பிறகு விடாது, வாழ்நாள் முழுக்கக் கேட்கும். என்னைக் கேட்டால் நான் சிரிச்சுப்போட்டு இருந்திடுவன்" என்றார். அப்படியே இருந்தார். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தபோது, பார்க்க வந்த மச்சான், அண்ணியின் தம்பி, எல்லோருக்கும் முன்னால், "முப்பத்தைஞ்சு வரியம் உடுப்புத் தோய்ச்சவருக்கு வாளிக்குள்ளை என்ன இருக்கெண்டு தெரியேல்லையோ?" என்றார். அண்ணை, "வயசு போட்டுது மச்சான். இனி நீ வந்து தோய்ச்சுத் தா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குசினிக்குள் போய்விட்டேன். மச்சானில் எனக்குக் கோபமில்லை; அவர் அறிந்ததைச் சொன்னார். அந்தக் கதை ஊரில் பரவியது. சலவைப் பகுதியில் அண்ணையோடு வேலை செய்த ஒருவரே வந்து, நம்ப முடியவில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்று மட்டும் அண்ணை சிரிக்கவில்லை.

நல்ல மழை வந்தது. அண்ணை கதிரையில் இருந்தபடி சொல்லச் சொல்ல நான் செய்தேன். மழைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சலவைச் சோடா மட்டும் கரைத்து, வேறொன்றும் சேர்க்காமல் ஆறும்வரை ஊறவைத்தேன். தண்ணீர் பழைய கஞ்சி போலச் சாம்பலாக மாறியது. அதை ஊற்றிவிட்டு மூன்று முறை வெறும் தண்ணீரில் அலசினேன். துவாய்கள் மிருதுவாகின. மருமகளின் பிள்ளைகள் அவற்றைப் போர்த்துக்கொண்டு முற்றமெல்லாம் ஓடினார்கள். அண்ணையால் அவர்களுக்குப் பின்னால் ஓட முடியவில்லை. வாசல் படலை வரை போய் வந்தாலே நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வந்த எட்டு மாதமும் அவர் இருமிய ஒவ்வொரு தடவையும் நான் கையில் இருந்ததைக் கீழே வைத்தேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு, கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். இதயம் என்று எழுதித் தந்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையாலா என்று நான் வைத்தியரைக் கேட்டேன். "அதாலைதான் எண்டும் சொல்லேலாது அம்மா, இல்லையெண்டும் சொல்லேலாது" என்றார். இந்தப் பதிலோடுதான் நான் இனி இருக்க வேண்டும்.

இதுவரை எழுதியதை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் மருமகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். காரியங்களுக்காக வந்தவள் இன்னும் இங்கேதான் நிற்கிறாள். குசினி வாசலில் நின்றபடி வாசித்தாள். நான் மரக்கறி வெட்டுவதைப் போல இருந்தேன். வாசித்து முடித்ததும், "அப்பா ரெண்டாந்தரம் உள்ளை போனவரோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "மாமி, நான் அவரை ஏசிப்போட்டன். உங்கடை வேலையே உதுதானே, உதுகூடத் தெரியாதோ எண்டு போனிலை ஏசிப்போட்டன். அவர் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். பிறகு தாள்களை அடுக்கி என் முன்னால் வைத்தாள். "ஒரு வரியும் வெட்டாமல் போடுங்கோ."

அன்றைக்கும் இன்றைக்கும் நான்கு நாள். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் ஓம் என்கிறாள். அதற்கு மேல் என்னோடு கதைப்பதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கிணற்றுக்குப் போடும் தூளையோ வெளுக்கும் திரவத்தையோ வினாகிரி, தேசிப்புளி, கழிப்பறை கழுவும் அமிலம் எதோடும் சேர்க்காதீர்கள். வீட்டில் அவற்றை ஓரிடத்திலும் வைக்காதீர்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்ச்சொல்லாகச் சொல்லுங்கள்.

அன்று வைத்தியசாலை வரை அண்ணையின் தலையைத் தன் மடியில் வைத்திருந்த அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும், குழந்தையைத் தன் தாயிடம் கொடுத்துவிட்டு எங்களோடு வந்த அவளுடைய கணவருக்கும், கூலி கேளாமல் காத்து நின்ற ஓட்டோத் தம்பிக்கும், எட்டு நாளும் அண்ணையைப் பார்த்த வைத்தியருக்கும் தாதியருக்கும், செத்த வீட்டில் தோள் கொடுத்தவர்களுக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் அடுப்பு எரியப் பார்த்துக்கொண்ட அயலுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இந்த மலரை மேசையில் அடுக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மச்சானில் தொடங்கி ஒவ்வொருவருக்கும் நானே கொண்டுவந்து தருவேன்.

தங்கை
அச்சுவேலி